நீதிமான் ஆனவனா, நீதிமான் என்று எண்ணப்பட்டவனா?

வாசகர் கேள்வி – பதில்

ரோமர் நிருபத்தின் 3, 4 அதிகாரங்களைப் பற்றிய வேதபாடத்தைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சொல்லைத்தான் சுற்றிவருகின்றன: 'நீதிமானாக்கப்படுதல்'. அவற்றிலிருந்து ஏழு கேள்விகளை எடுத்திருக்கிறோம். வேறாகச் சொல்லாத இடங்களில் வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பின்படி தரப்பட்டுள்ளன.

ஐயா, ஸ்தோத்திரம். விசுவாசிக்கிறவன் நீதிமான் என்று பிரசங்கத்தில் கேட்கிறேன். ஆனால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது, வீட்டில் வார்த்தை தடிக்கிறது. என்னை நீதிமான் என்று சொல்லிக்கொள்ள வாய் கூசுகிறது. அப்படிச் சொன்னால் பொய்யாகாதா?
– வாசகி, பாளையங்கோட்டை

சகோதரி, உங்கள் கூச்சத்தில் பாதி நம் மொழியிலிருந்து வருகிறது. தமிழில் நீதிமான் என்றால் நடத்தை சுத்தமானவர் என்றே மனம் எடுத்துக்கொள்ளும். அதோடு 'ஆக்கு' என்ற வினையும் சேர்ந்துவிடுகிறது. சோறாக்கினால் அரிசி அரிசியாக இருப்பதில்லை, வெந்து வேறொன்றாகிறது. அதேபோல 'நீதிமானாக்கினார்' என்று கேட்டதும், உள்ளே எல்லாம் வெந்து மாறியிருக்க வேண்டுமே, எனக்கு மாறவில்லையே என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் வந்ததல்ல. லத்தீனில் 'இயுஸ்டிஃபிகாரே' என்ற சொல்லும் 'நீதியுள்ளவனாகச் செய்' என்றே பிரியும். பழைய சபைப் பிதாவான அகுஸ்தீன் அப்படித்தான் வாசித்தார், மேற்கத்திய சபை ஆயிரம் ஆண்டுக்கு மேல் அவர் வழியே வாசித்தது.

பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'டிகாயோ'. அது நியாயஸ்தலத்துச் சொல். உபாகமம் 25:1-ஐ எடுத்துப் பாருங்கள். வழக்கு வந்தால் நியாயாதிபதிகள் 'நீதிமானை நீதிமான் என்றும் குற்றவாளியைக் குற்றவாளி என்றும் தீர்க்கக்கடவர்கள்'. நியாயாதிபதி யாரையும் நல்லவனாக மாற்றுவதில்லை, குற்றவாளியைக் கெட்டவனாக மாற்றுவதுமில்லை. வழக்கில் நிற்கிறவனின் நிலை என்ன என்று தீர்க்கிறார். இன்னும் தெளிவான இடம் லூக்கா 7:29. அங்கே வரி வசூலிக்கிற ஆயக்காரர் 'தேவன் நீதிபரர் என்று அறிக்கையிட்டார்கள்' என்று வாசிக்கிறோம். கிரேக்கத்தில் அங்கேயும் அதே வினைதான். மனிதர் தேவனை நீதியுள்ளவராக மாற்ற முடியுமா? முடியாது. அங்கே அறிவிப்பது ஒன்றே பொருள்.

ரோமர் 4-க்கு வாருங்கள். ஆபிரகாமைப் பற்றி 'அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது' என்ற வசனத்தில் வரும் 'எண்ணு' என்பது கணக்கில் வரவு வைப்பதற்கான சொல். அந்த ஒரே அதிகாரத்தில் கிரேக்க மூலத்தில் அது 11 முறை வருகிறது. பவுல் எதை அழுத்திச் சொல்கிறார் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

உங்கள் கோபம் உண்மையான பிரச்சினைதான். ஆனால் அது 'பரிசுத்தமாகுதல்' என்ற தலைப்பின் கீழ் வருவது. நீதிமானாக்கப்படுதல் ஒரு தீர்ப்பு, ஒரே முறை சொல்லப்படுவது, எல்லா விசுவாசிக்கும் ஒரே அளவு. பரிசுத்தமாகுதல் ஆயுள் முழுவதும் நடப்பது, ஆளுக்கு ஆள் ஏறக்குறைய இருப்பது. இரண்டையும் கலந்தால், கோபம் வந்த நாளில் நான் நீதிமான் இல்லை என்று உடைந்துபோவீர்கள், கோபம் வராத நாளில் என் நடத்தையால் நீதிமான் என்று நிமிர்ந்துகொள்வீர்கள். 16-ம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதியான லூத்தர் 'ஒரே வேளையில் நீதிமானும் பாவியும்' என்று சொன்னது இதைத்தான். 'எனக்குக் கோபமே வருவதில்லை' என்று சொன்னால்தான் பொய். கிறிஸ்துவின் நிமித்தம் என்னைத் தேவன் நீதிமான் என்று தீர்த்திருக்கிறார் என்பது அவர் சொன்ன வார்த்தையைத் திருப்பிச் சொல்வதுதான்.

நீதிமொழிகள் 17:15 துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது. ரோமர் 4:5 தேவனையே 'பாவியை நீதிமானாக்குகிறவர்' என்கிறது. சட்டம் படிக்கிற எனக்கு இது பெரிய இடறலாக இருக்கிறது.
– வாசகர், மதுரை

தம்பி, இடற வேண்டிய இடத்தில்தான் இடறியிருக்கிறீர்கள். இந்த முரண் பவுலுக்குத் தெரியாததல்ல. ரோமர் 3:25, 26 இதற்காகவே எழுதப்பட்டவை. லஞ்சம் வாங்கிக் குற்றவாளியை விடுவிக்கும் நியாயாதிபதி ஏன் அருவருப்பு? குற்றம் அப்படியே கிடக்க, தண்டனை காணாமல் போகிறது. சிலுவையில் அப்படி நடக்கவில்லை. கிறிஸ்துவைத் தேவன் 'கிருபாதாரபலியாக', அதாவது பாவத்துக்கு ஈடான பலியாக ஏற்படுத்தினார், குற்றத்துக்குரிய தீர்ப்பு அவர்மேல் நிறைவேறியது. அதனால்தான் பவுல் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டுகிறார்: 'தாம் நீதியுள்ளவரும்' இயேசுவை விசுவாசிக்கிறவனை 'நீதிமானாக்குகிறவருமாய்' விளங்கும்படி. சிலுவையை எடுத்துவிட்டு, தேவன் அன்பானவர், அதனால் மன்னித்துவிட்டார் என்று மட்டும் பிரசங்கித்தால், நீதிமொழிகள் 17:15 அந்தப் பிரசங்கத்தின்மேல் அப்படியே விழும்.

விசுவாசிப்பதும் நான் செய்கிற ஒரு செயல்தானே? அப்படியானால் பத்துக் கட்டளைகளுக்குப் பதிலாக ஒரே கட்டளையை வைத்து விலையைக் குறைத்தது போல்தானே ஆகிறது?
– தமிழாசிரியர், யாழ்ப்பாணம்

ஐயா, உங்களுக்கு இலக்கணத்திலிருந்தே பதில் சொல்லலாம். 'மழையினாலே வெள்ளம் வந்தது' என்பதிலும் 'கத்தியினாலே கயிற்றை அறுத்தான்' என்பதிலும் வேற்றுமை உருபு ஒன்றே. ஆனால் மழை காரணம், கத்தி கருவி. 'விசுவாசத்தினாலே நீதிமான்' என்பதை மழையைப் போல வாசித்தால் உங்கள் ஆட்சேபணை சரி. கத்தியைப் போல வாசிக்க வேண்டும். கிரேக்கத்தில் 'தியா' என்ற முன்னிடைச்சொல் ஒரு வேற்றுமையோடு சேர்ந்தால் 'வழியாக' என்றும், மற்றொன்றோடு சேர்ந்தால் 'நிமித்தம்' என்றும் பொருள்தரும். புதிய ஏற்பாட்டில் விசுவாசத்தின் 'வழியாக' நீதிமானாகிறோம் என்று வரும், விசுவாசத்தின் 'நிமித்தம்' என்று ஓரிடத்திலும் வராது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதை எபேசியர் 2:8-ல் அழகாகப் பிடித்திருக்கிறார்கள்: 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்'. கிருபைக்கு 'ஆலே', விசுவாசத்துக்கு 'கொண்டு'. காரணமும் கருவியும் இரண்டு உருபுகளால் பிரிந்து நிற்கின்றன. சீர்திருத்தவாதி ஜான் கால்வின் விசுவாசத்தைப் பாத்திரத்துக்கு ஒப்பிட்டார். பானை நிறையத் தங்கம் வைத்திருப்பவன் பணக்காரன், ஆனால் அவனைப் பணக்காரனாக்கியது பானையின் மண் அல்ல. கூலி வாங்கும் கையும் தர்மம் வாங்கும் கையும் ஒரே மாதிரி நீளலாம். முதல் கை வேலை செய்த கை, அதற்குக் கொடுப்பது கடன். ரோமர் 4:4 அதைத்தான் சொல்கிறது. விசுவாசம் இரண்டாவது கை.

ரோமர் 3:28-ல் 'கிரியைகளில்லாமல்' என்கிறார் பவுல். யாக்கோபு 2:24-ல் 'விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்' என்று இருக்கிறது. இருவரும் ஆபிரகாமையே உதாரணம் காட்டுகிறார்கள். யார் சொல்வது சரி? லூத்தர் தன் மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தார் என்பதும் உண்மையா?
– வாசகர், மார்த்தாண்டம்

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். உண்மைதான். 1522-ல் வெளிவந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் ரோமர் 3:28-ல் 'மாத்திரம்' என்ற பொருள்படும் சொல்லை லூத்தர் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லை. எதிர்ப்பு வந்தபோது 1530-ல் அவர் சொன்ன விளக்கம்: 'இதில்லாமல் அது' என்று ஒன்றைத் தள்ளி ஒன்றை நிறுத்தும்போது ஜெர்மன் பேச்சுவழக்கு அந்தச் சொல்லைக் கேட்கிறது. தமிழில் 'மாத்திரம்' இல்லை, ஆனால் 'விசுவாசத்தினாலேயே' என்பதில் அழுத்தம் தரும் தேற்றேகாரம் இருக்கிறது. வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், அழுத்தம் தானாக விழும். ஆனாலும் அந்த ஓர் ஏகாரத்தின்மேல் கோட்பாட்டைக் கட்ட வேண்டாம். 'கிரியைகளில்லாமல்' என்ற சொல்லே போதுமான அஸ்திபாரம்.

இனி முதல் கேள்வி. இதற்கு ஆபிரகாமின் வயதைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஆரானைவிட்டுப் புறப்படும்போது அவருக்கு 75 (ஆதியாகமம் 12:4). அதன்பின் 15:6, 'அவன் கர்த்தரை விசுவாசித்தான்'. அடுத்த அதிகாரத்தில் இஸ்மவேல் பிறக்கும்போது 86. விருத்தசேதனம் 99 வயதில், ஈசாக்கு பிறந்தது 100-ல். ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியது 22-ம் அதிகாரத்தில், பையன் விறகுக்கட்டைச் சுமந்து மலையேறும் அளவுக்கு வளர்ந்த பிறகு.

பவுல் 15-ம் அதிகாரத்தில் நிற்கிறார். அவருடைய வாதம் காலவரிசையைப் பற்றியது. ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டபோது விருத்தசேதனத்துக்கு இன்னும் குறைந்தது 13 ஆண்டு பாக்கி இருந்தது. ஆகவே விருத்தசேதனம் காரணமாக இருந்திருக்க முடியாது (ரோமர் 4:10). யாக்கோபு 22-ம் அதிகாரத்தில் நிற்கிறார். 15:6-ல் சொல்லப்பட்ட விசுவாசம் மெய்யானதுதான் என்று மலையுச்சியில் வெளிப்பட்டதை அவர் காட்டுகிறார். அதனால்தான் அந்த வேதவாக்கியம் அப்போது 'நிறைவேறிற்று' என்கிறார் (2:23).

இருவருக்கும் எதிரில் இருப்பவர்களும் வேறு. பவுலின் எதிரே நிற்பவன், நான் செய்ததைப் பார்த்துத் தேவன் என்னை ஏற்க வேண்டும் என்கிறவன். யாக்கோபின் எதிரே நிற்பவன், வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்துச் 'சமாதானத்தோடே போங்கள்' என்று வாயால் அனுப்பிவிட்டு, எனக்கு விசுவாசம் உண்டு என்கிறவன். அவனிடம் இருப்பதாக யாக்கோபு சொல்கிற விசுவாசம் எப்படிப்பட்டது? தேவன் ஒருவர் உண்டு என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றனவே, அந்த வகை (2:19). பவுல் 'விசுவாசம்' என்று சொல்லும்போது அதைச் சொல்லவே இல்லை. 'அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்' என்று கலாத்தியர் 5:6-ல் அவரே எழுதியிருக்கிறார்.

லூத்தர் 1522 முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று எழுதியது அவசரம் என்பதே எங்கள் கருத்து. பிந்தைய பதிப்புகளில் அந்த வரியை அவரே விட்டுவிட்டார். அவர் வழிவந்த சபைகளின் 1530 அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையைப் பாருங்கள். 4-ம் பிரிவு நீதிமானாக்கப்படுதலைப் பற்றியது, அடுத்து 6-ம் பிரிவிலேயே விசுவாசம் நற்கனிகளைத் தந்தே தீரும் என்று வந்துவிடுகிறது.

வேதபாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாக்கோபு 2-ஐ வாசிக்கும் வாரத்தில் ரோமர் 4-ஐ வைத்து அதை மழுக்கிவிடாதீர்கள். யாக்கோபு வெட்ட வந்தவர். வெட்டட்டும்.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மணக்கப்போகிறவர் கத்தோலிக்கர். இந்தப் போதனையில்தானே இரண்டு சபைகளும் பிரிந்தன? இப்போது எங்கே நிற்கிறார்கள்?
– வாசகி, தூத்துக்குடி

1547 ஜனவரி 13 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் தன் 6-ம் அமர்வில் இதுபற்றி 16 அதிகாரங்களும் 33 தீர்ப்பு விதிகளும் வெளியிட்டது. நீதிமானாக்கப்படுதல் என்பது பாவமன்னிப்பு மட்டுமல்ல, உள்ளான மனிதன் புதிதாக்கப்படுவதும் அதில் அடங்கும் என்றது. சீர்திருத்த சபைகள் பரிசுத்தமாகுதல் என்று தனியே பிரித்து வைக்கும் பகுதியையும் கத்தோலிக்கர் அதே சொல்லுக்குள் வைக்கிறார்கள். பல சண்டைகளில் இருவரும் ஒரே சொல்லை வெவ்வேறு நீளத்துக்குப் பயன்படுத்தியதும் ஒரு காரணம்.

1999 அக்டோபர் 31 அன்று, அதே அவுக்ஸ்புர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. நம் பக்கத்துத் தரங்கம்பாடியில் 1706-ல் மிஷனரி சீகன்பால்க் வந்திறங்கித் தொடங்கிய பணியின் வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்தச் சம்மேளனத்தைச் சேர்ந்தது. நம் தகுதியால் அல்ல, கிருபையினால் மாத்திரமே, கிறிஸ்துவின் இரட்சிப்பின் செயலில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், நற்கிரியைக்கு நம்மை அழைக்கும் பரிசுத்த ஆவியைத் தருகிறார் என்று இருதரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. அதில் விளக்கப்பட்டுள்ளபடி இரு சபைகளும் போதிப்பதன்மேல் 16-ம் நூற்றாண்டின் கண்டனங்கள் விழுவதில்லை என்றும் சொன்னார்கள். 2006-ல் மெதடிஸ்ட் உலகப் பேரவையும் இதில் சேர்ந்தது.

மீதமுள்ளவை: 'நீதிமானும் பாவியும்' என்ற லூத்தரின் தொடரை எப்படி எடுத்துக்கொள்வது, புண்ணியப்பலன், இறந்தபின் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம். சிறியவை அல்ல. வீட்டில் ஒன்று செய்யலாம். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'நீதிமானாக்கப்படுதல்' வரும் இடங்களில் 'கடவுளுக்கு ஏற்புடையவர்' ஆவது என்றும், 'விசுவாசம்' வரும் இடத்தில் 'நம்பிக்கை' என்றும் இருக்கும். ரோமர் 3 முதல் 5 வரை இரண்டு மொழிபெயர்ப்பிலும் மாறி மாறி வாசியுங்கள். சொல் மாறுகிற இடங்களில் நின்று பேசினால் பாதிக் குழப்பம் தீரும்.

வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன், காணிக்கை தவறுவதில்லை. ஆனாலும் என் விசுவாசம் போதுமா என்ற பயம் போகவில்லை.
– வாசகி, நாசரேத்

உபவாசத்தை விட வேண்டாம் அம்மா. அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அடுத்த முறை ஜெபிக்கும்போது 'கர்த்தாவே, எனக்குச் செவிகொடும், ஏனென்றால்...' என்பதற்குப் பிறகு மனதில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். 'நான் இன்று சாப்பிடவில்லை' என்று வந்தால் உபவாசம் கிறிஸ்துவின் நாற்காலியில் ஏறிவிட்டது. தானியேல் சொன்னது வேறு: 'நாங்கள் எங்கள் நீதிகளை அல்ல, உம்முடைய மிகுந்த இரக்கங்களையே நம்பி' (9:18). அந்த ஜெபத்தைச் செய்தபோது அவரும் உபவாசத்தில்தான் இருந்தார் என்பதை அதே அதிகாரத்தின் 3-ம் வசனத்தில் பார்க்கலாம்.

விசுவாசத்துக்கு மூன்று கூறுகள் சொல்வார்கள்: செய்தியை அறிவது, அது மெய் என்று ஒத்துக்கொள்வது, கிறிஸ்துவின்மேல் சாய்வது. உங்கள் பயம் மூன்றாவதின் அளவைப் பற்றியது. அளவு பார்க்கச் சொல்லி வேதம் எங்கும் கேட்கவில்லை. 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று அழுத தகப்பனின் மகன் அப்போதே சுகமானான் (மாற்கு 9:24). நடுங்குகிற கை வாங்கினாலும், உறுதியான கை வாங்கினாலும் வாங்கப்படுகிற கிறிஸ்து ஒருவரே.

பாவம் செய்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து நீதிமானாக்கப்பட வேண்டுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் வீட்டில் தகப்பன் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்கிற பிள்ளை தகப்பனிடம் போய்த்தான் சொல்ல வேண்டும். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9 அதற்குத்தான்.

ஞாயிறு பள்ளியில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 40 நிமிடத்தில் இதை எப்படி நடத்துவது?
– ஆசிரியை, டோனாவூர்

முதல் 10 நிமிடம் லூக்கா 18:9-14, தேவாலயத்தில் ஜெபிக்கப் போன பரிசேயனும் ஆயக்காரனும் பற்றிய உவமை. 13-ம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள். பரிசேயனின் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுங்கள். வாரத்தில் இரண்டுதரம் உபவாசம்: நியாயப்பிரமாணம் கட்டளையாகக் கேட்டது ஆண்டுக்கு ஒரு நாள், பாவநிவாரண நாள் மட்டும். சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம். ஆயக்காரன் பக்கம் காலியாக இருக்கட்டும். யார் நீதிமானாக வீட்டுக்குப் போனார் என்று கைதூக்கச் சொல்லிவிட்டு, பிறகு 14-ஐ வாசியுங்கள். பரிசேயனை நயவஞ்சகனாகவோ கேலிப்பாத்திரமாகவோ நடித்துக் காட்டாதீர்கள். அவன் சொன்னதெல்லாம் உண்மையாகவே செய்தவன். அவனைக் கெட்டவனாக்கினால் உவமையின் அடி யார்மேலும் விழாது.

அடுத்த 15 நிமிடம் பிலேமோன் நிருபம், 17, 18 வசனங்கள். பிலேமோனின் அடிமை ஒநேசிமுவை ஏற்றுக்கொள்ளும்படி பவுல் அவருக்கு எழுதியது இது. ஆளுக்கு ஒரு தாள், நடுவில் கோடு. இடப்பக்கம் 'ஒநேசிமு', வலப்பக்கம் 'பவுல்'. ஒநேசிமு பக்கத்தில் ஒரு கடன்தொகை எழுதட்டும். 'அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்' என்று வாசித்ததும் அதை அடித்துப் பவுல் பக்கத்தில் எழுதட்டும். பெரும்பாலான வகுப்புகள் இங்கேயே முடிந்துவிடும், பிள்ளைகள் கணக்குப் பூஜ்யமானது என்ற எண்ணத்தோடு போவார்கள். 17-ம் வசனத்தை விட்டுவிடாதீர்கள்: 'என்னை ஏற்றுக்கொள்வதுபோல' அவனையும் ஏற்றுக்கொள்ளும். பவுலுக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதை அப்படியே ஒநேசிமுவின் பக்கத்தில் வரவாகிறது. அதையும் எழுதச் சொல்லுங்கள். நம் பாவம் கிறிஸ்துவின்மேல், அவருக்குள் நாம் தேவனுடைய நீதி என்ற 2 கொரிந்தியர் 5:21-ன் இரண்டு பாதியும் இப்போது ஒரே தாளில் இருக்கும். பவுல் இந்தக் கடிதத்தை ஓர் அடிமைக்காகப் பரிந்து எழுதினார், நாம் இதை ஒப்புமையாக எடுக்கிறோம் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளின் சொந்தப் பாவங்களைத் தாளில் எழுதச் சொல்ல வேண்டாம். பக்கத்திலிருப்பவன் எட்டிப் பார்ப்பான், ஒருத்தி பயந்து பொய் எழுதுவாள். நியாயாதிபதி எழுந்து வந்து தானே அபராதம் கட்டும் கதையைச் சொன்னால், அதிலும் கடன் நீங்குவது மட்டும்தான் வரும், ஏற்றுக்கொள்ளப்படுவது வராது.

பிறகு 10 நிமிடம் தீத்து 3:5-8. 5-ம் வசனத்தில் 'நாம் செய்த நீதியின் கிரியைகளினிமித்தம் அவர் நம்மை இரட்சியாமல்' என்று இருக்கிறது, 8-ல் நற்கிரியைகளைச் செய்ய ஜாக்கிரதையாயிருக்கும்படி வருகிறது. இரண்டு வசனங்களையும் அம்புக்குறி போட்டு இணைக்கச் சொல்லுங்கள், அம்பு 5-லிருந்து 8-க்குப் போக வேண்டும். சில தாள்களில் அது திரும்பி இருக்கும். அந்தப் பிள்ளைகளோடு மீதமுள்ள 5 நிமிடத்தையும் செலவிடுங்கள். முடிவில் 'யார் விசுவாசிக்கிறீர்கள், கைதூக்குங்கள்' என்று கேட்காதீர்கள். கேட்டால், அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அவர்கள் நினைவில் இருக்கப்போவது கையைத் தூக்கினோமா இல்லையா என்பதுதான்.